அழுத்தம் வேறு, வரத்து வேறு: ஷவரில் தண்ணீர் ஏன் நூலாக இறங்குகிறது?

குளியலறையில் கீழே இருக்கும் குழாயைத் திறந்தால் வாளி மளமளவென்று நிறைகிறது. அதே சுவரில் மேலே இருக்கும் ஷவரைத் திறந்தால் தண்ணீர் நூல் நூலாக இறங்குகிறது. தலையில் போட்ட ஷாம்பூ போவதற்கே வெகுநேரம் நிற்க வேண்டியிருக்கிறது. யாரிடம் சொன்னாலும் உடனே வரும் பதில் ஒன்றுதான்: "பிரஷர் பத்தலை, பம்ப் வெச்சிடுங்க."

நானும் அப்படித்தான் ஒரு பம்ப் வைத்தேன். சத்தம் வந்தது, மின்கட்டணம் ஏறியது, ஷவரில் மட்டும் பெரிய மாற்றம் இல்லை. சில மாதம் கழித்து வேறு ஒரு வேலைக்காக ஷவர் தலையைக் கழற்றினேன். அதன் கழுத்தில், வாஷரோடு சேர்ந்து சின்னதாக ஒரு கம்பி வலை இருந்தது. மணலும் துருச் செதிலும் அப்பிக்கிடந்த அந்த வலையில் தண்ணீர் போக வழியே இல்லை என்று சொல்லலாம். பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவி மாட்ட ஐந்து நிமிடம் ஆனது. தண்ணீர் கொட்டியது. பம்ப்பை அணைத்துவிட்டுப் பார்த்தேன், அப்போதும் நன்றாகவே வந்தது.

எனக்கு அதுவரை புரியாமல் இருந்தது ஒரே ஒரு விஷயம்தான். அழுத்தம் என்பது ஒன்று. வரத்து என்பது இன்னொன்று. பேச்சில் இரண்டையும் சேர்த்து 'ஃபோர்ஸ்' என்று சொல்லிவிடுகிறோம். அந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு வேறு வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன, இரண்டுக்கும் மருந்து வேறு. எது நம் வீட்டுக் கோளாறு என்று கண்டுபிடிக்க ஒரு வாளியும் ஒரு கடிகாரமும் போதும். அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

அழுத்தம் என்றால் தண்ணீர் குழாயின் சுவரை, மூடிய வால்வை, எவ்வளவு பலமாகத் தள்ளிக்கொண்டு நிற்கிறது என்பது. குழாய் மூடியிருக்கும்போதும் அழுத்தம் உண்டு. வரத்து என்றால் ஒரு நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் வெளியே வருகிறது என்பது. குழாய் மூடியிருந்தால் வரத்து பூஜ்யம். நல்ல அழுத்தம் இருந்தும் வரத்து மோசமாக இருக்கலாம், என் வீட்டில் நடந்ததுபோல. அழுத்தம் குறைவாக இருந்தும் அகலமான குழாய் வழியாகத் தண்ணீர் தாராளமாக வரலாம். கீழே இருக்கும் வாளிக் குழாயில் பெரும்பாலும் நடப்பது அதுதான்.

உயரம்தான் அழுத்தம்

மேல்தொட்டியிலிருந்து தண்ணீர் இறங்கும் வீடுகளில் அழுத்தத்தைக் கணக்கிட எந்தக் கருவியும் வேண்டாம். தொட்டியில் தண்ணீர் நிற்கும் மட்டத்திலிருந்து ஷவர் தலை வரை நேர் செங்குத்தாக எத்தனை மீட்டர் என்று பாருங்கள். ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 0.1 பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு). பத்து மீட்டர் இருந்தால் ஏறக்குறைய 1 பார். ஒரு பார் என்பது கடல்மட்டத்தில் நம் மேல் இருக்கும் காற்றின் அழுத்தத்துக்குக் கிட்டத்தட்ட சமம், பி.எஸ்.ஐ என்ற இன்னொரு அலகில் 14.5. குழாய் எத்தனை மீட்டர் சுற்றி வந்தாலும் இந்தக் கணக்கில் அது சேராது. செங்குத்து உயரம் மட்டும்தான்.

ஒரு உதாரணம். மாடிக் குளியலறையின் ஷவர் தலைக்கு மேலே 2 மீட்டர் உயரத்தில் தொட்டியின் நீர்மட்டம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஷவரில் 0.2 பார். அதே குளியலறையில் ஒன்றரை மீட்டர் கீழே இருக்கும் வாளிக் குழாயில் 0.35 பார். ஒரே அறை, ஒரே குழாய், ஆனால் கீழே முக்கால் மடங்கு கூடுதல் அழுத்தம். ஒரு மாடி கீழே, 3 மீட்டர் தாழ்வான இடத்தில் இருக்கும் ஷவரில் 0.5 பார். மேல் மாடியில் இருப்பவர் புலம்புவதும், கீழே இருப்பவர் "எங்களுக்கு நல்லாத்தானே வருது" என்பதும் இரண்டுமே உண்மைதான்.

இதில் பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும் என்ற நினைப்பில், 500 லிட்டர் தொட்டியை எடுத்துவிட்டு 2000 லிட்டர் தொட்டி வைப்பார்கள். அழுத்தம் துளிகூட மாறாது. அகலமான தொட்டியானாலும் ஒல்லியான குழாயானாலும், நீர்மட்டத்தின் உயரம் ஒன்றாக இருந்தால் அடியில் அழுத்தமும் ஒன்றுதான். 1586லேயே ஃபிளெமிஷ் கணித அறிஞர் சைமன் ஸ்டெவின் இதை எழுதிவைத்துவிட்டார். கொஞ்சம் தண்ணீரும் நிறையத் தண்ணீரும் ஒரே அழுத்தத்தைத் தரும் என்பது அப்போது நம்ப முடியாததாக இருந்ததால் அதற்கு 'நீர்நிலைப் புதிர்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. இன்றைக்கும் அது சட்டென்று மனதில் ஏறுவதில்லை.

அதே நேரம் தொட்டியின் ஆழம் கணக்கில் வரும். தொட்டி நிறைந்திருக்கும்போது ஷவருக்கு மேல் 3 மீட்டர், காலியாகும் நேரத்தில் 2 மீட்டர் என்றால் மூன்றில் ஒரு பங்கு அழுத்தம் போய்விட்டது. தொட்டியை நிரப்பியதும் ஷவர் நன்றாக வருகிறது, நேரம் போகப்போகச் சுருங்குகிறது என்றால் அது உங்கள் பிரமை இல்லை. தொட்டி பாதிக்கு இறங்கும் முன்பே நிரப்பிவிடும் பழக்கத்திலேயே சில வீடுகளில் பிரச்சினை பாதி தீர்ந்துவிடும்.

அப்படியானால் தொட்டியை உயர்த்திவிடலாமா? உயர்த்தலாம், ஆனால் பலன் நேர்விகிதத்தில் வராது. தண்ணீர் பாயும் வேகம் உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 1644இல் இத்தாலிய விஞ்ஞானி டாரிசெல்லி வெளியிட்ட விதி இது. வேகம் இரண்டு மடங்காக வேண்டுமென்றால் உயரம் நான்கு மடங்காக வேண்டும். ஷவருக்கு மேல் 1 மீட்டர் மட்டுமே இருக்கும் வீட்டில் தொட்டியை இன்னொரு மீட்டர் உயர்த்தினால் வரத்து ஏறக்குறைய 40 சதவீதம் கூடும், நன்றாகவே தெரியும். ஏற்கெனவே 10 மீட்டர் இருக்கும் இடத்தில் அதே ஒரு மீட்டரால் கூடுவது 5 சதவீதம்தான், யாருக்கும் தெரியாது. தண்ணீரின் எடையை மறக்க வேண்டாம்: 1000 லிட்டர் என்றால் ஒரு டன். அதைத் தாங்கும் மேடை எப்படி இருக்க வேண்டும் என்பதைக் கட்டடப் பொறியாளர்தான் சொல்ல வேண்டும்.

வழிநெடுகச் செலவாகும் அழுத்தம்

தொட்டி கொடுத்த 2 மீட்டர் அழுத்தம் முழுசாக ஷவருக்குப் போய்ச் சேருமா? தண்ணீர் அசையாமல் நிற்கும் வரை சேரும். ஓட ஆரம்பித்த நொடியிலிருந்து வழிநெடுகச் செலவாகிக்கொண்டே வரும். குழாயின் உள்சுவரில் உராய்வது, எல்போ என்ற வளைவு இணைப்பில் திரும்புவது, வால்வில் நெருக்கிக்கொண்டு நுழைவது, வலையில் வடிவது என்று ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் கொடுக்க வேண்டும். கடைசியில் கையில் மிஞ்சுவதுதான் ஷவர்.

இந்தச் செலவில் குழாயின் உள்விட்டத்துக்கு இருக்கும் பங்கு நம்ப முடியாத அளவுக்குப் பெரியது. ஒரே அளவு தண்ணீர் போகும்போது, உள்விட்டம் பாதியானால் உராய்வு இழப்பு இரண்டு மடங்காவதில்லை, நான்கு மடங்காவதும் இல்லை. ஏறக்குறைய முப்பது மடங்காகும். வீட்டுக் கணக்கில் சொன்னால்: உள்விட்டம் 15 மில்லிமீட்டர் உள்ள வழவழப்பான குழாயில் நிமிடத்துக்கு 10 லிட்டர் போகிறது என்றால், பத்து மீட்டர் நீளத்துக்கு கிட்டத்தட்ட 0.85 மீட்டர் உயரத்துக்கான அழுத்தம் காலி. அதையே 20 மில்லிமீட்டர் உள்விட்டமாக மாற்றினால் இழப்பு 0.2 மீட்டர் அளவுதான். ஐந்து மில்லிமீட்டர் வித்தியாசத்துக்கு நான்கு மடங்கு.

அப்புறம் வரத்து இரண்டு மடங்கானால் இழப்பு மூன்று மடங்கையும் தாண்டிவிடும். அந்த 15 மில்லிமீட்டர் குழாயிலேயே ஒருவர் குளிக்கும்போது இன்னொருவர் சமையலறைக் குழாயையும் திறந்து, மொத்தம் 20 லிட்டர் போக வேண்டும் என்றால், பத்து மீட்டரில் இழப்பு கிட்டத்தட்ட 3 மீட்டர். தொட்டி கொடுப்பதே 2 மீட்டர்தான் என்றால் அவ்வளவு தண்ணீர் போகவே முடியாது. இருவரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டியதுதான், அதில் உயரத்தில் இருப்பவருக்கு எப்போதும் குறைவு. வேறு குழாயைத் திறந்ததும் ஷவர் செத்துப்போகிறது என்றால், இருவருக்கும் பொதுவான குழாய் சிறுத்திருக்கிறது அல்லது அதில் எங்கோ அடைப்பு என்று அர்த்தம்.

பெயரை நம்பியும் ஏமாறக் கூடாது. 'அரை அங்குலம்' என்ற ஒரே பெயரில் வரும் குழாய்களுக்கு உள்விட்டம் ஒன்று இல்லை. அரை அங்குல ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயின் உள்விட்டம் சுமார் 16 மில்லிமீட்டர். அரை அங்குல சி.பி.வி.சி. (ஒருவகை பிளாஸ்டிக்) குழாய் பெரும்பாலும் செப்புக் குழாயின் அளவுமுறையில் வருவது. அதன் உள்விட்டம் சுமார் 12 மில்லிமீட்டர்தான். பி.பி.ஆர். என்ற இன்னொரு வகை பிளாஸ்டிக் குழாயை வெளிவிட்டத்தை வைத்துச் சொல்வார்கள். 20 மில்லிமீட்டர் என்று வாங்கினால் உள்ளே கிடைப்பது 13, 14. பழைய ஜி.ஐ. குழாய் துருப்பிடித்துவிட்டது என்று பிடுங்கிவிட்டு, அதே அரை அங்குலம் என்று சி.பி.வி.சி. போட்டால், துருப்பிடிக்காத நாளில் அந்த ஜி.ஐ. குழாயில் இருந்த உராய்வைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு உராய்வைப் புதிதாகச் சுவருக்குள் வைத்துப் பூசுகிறோம். மேல்தொட்டியை மட்டும் நம்பியிருக்கும் வீட்டில் பிரதானக் குழாய் ஒரு அங்குலத்துக்குக் குறையாமலும், குளியலறைக்குப் பிரியும் குழாய் முக்கால் அங்குலமாகவும் இருப்பது நல்லது. கடைசி ஓரிரு மீட்டரை மட்டும் அரை அங்குலத்துக்கு விடலாம். சுவரை உடைத்துத் திறந்திருக்கும் நாள் திரும்ப எப்போது வரும் என்று தெரியாது. அன்றைக்கு ஒரு அளவு பெரிதாகப் போட்டுவிடுவதை நான் எல்லோரிடமும் வற்புறுத்திச் சொல்வேன்.

எல்போ ஒவ்வொன்றும் அரை அங்குலக் குழாயில் ஏறக்குறைய அரை மீட்டர் நேர்க் குழாய்க்குச் சமம். பத்து எல்போ என்றால் ஐந்து மீட்டர் குழாய் கூடியதுபோல. சூடான தண்ணீரையும் குளிர்ந்த தண்ணீரையும் கலந்து தரும் மிக்சர் குழாய்க்குக் கீழே இணைக்கும் வளையும் ஹோஸ் பார்க்கத் தடிமனாக இருக்கும், ஆனால் பலவற்றில் உள்துளை 8 மில்லிமீட்டர்தான். நகரக் குழாயிலிருந்தே நேராக 3 பார் அழுத்தம் வரும் வீட்டுக்காகச் செய்த பொருள் அது. 0.2 பார் இருக்கும் வீட்டில் அதுவே மூச்சை அடைத்துவிடும்.

ஷவர் தலைக்கும் இதே கதைதான். 3 பார் அழுத்தத்தில் நிமிடத்துக்கு 9 லிட்டர் தரும் சாதாரணத் துளை ஷவர், 0.2 பாரில் ஏறக்குறைய 2.3 லிட்டர்தான் தரும். ஷவரில் கோளாறே இல்லை. அது வேறு வகை வீட்டுக்கானது. தண்ணீரைச் சேமிப்பதற்காகவே சில ஷவர்களின் கழுத்தில் சிறு துளையிட்ட ஒரு பிளாஸ்டிக் தட்டும் வைத்திருப்பார்கள். அமெரிக்காவில் ஷவரின் வரத்து நிமிடத்துக்கு 9.5 லிட்டரைத் தாண்டக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. நல்ல சட்டம்தான், ஆனால் அதற்காகச் செய்த ஷவரை மேல்தொட்டிக்கு ஒட்டிய மாடியில் மாட்டிவிட்டுப் பிரஷரைக் குறை சொல்லக் கூடாது. அங்கே அகலமான வழியும் பெரிய துளைகளும் உள்ள, குறைந்த அழுத்தத்துக்கென்றே செய்த ஷவர் தலை வேண்டும். சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு வரும் மழை ஷவரை வாங்கும் முன் அதன் உறையில் 'குறைந்தபட்ச அழுத்தம்' என்று என்ன போட்டிருக்கிறது என்று கட்டாயம் பாருங்கள்.

வாளியும் கடிகாரமும்

சரி, நம் வீட்டில் குறை உயரத்திலா, வழியிலா? அழுத்தமானி இருந்தால் முதலில் அதை மாட்டிப் பார்க்கத் தோன்றும். ஒரு எச்சரிக்கை: குழாய் மூடியிருக்கும்போது அழுத்தமானி காட்டும் எண்ணில் அடைப்பு தெரியவே தெரியாது. வலை 90 சதவீதம் அடைத்திருந்தாலும், நிற்கும் தண்ணீர் எதையும் செலவு செய்யாததால், முள் முழு அழுத்தத்தையே காட்டும். ஒரு குழாயைத் திறந்துவிட்டு முள்ளைப் பாருங்கள். கொஞ்சம் இறங்கி நின்றால் பரவாயில்லை. தடாலென்று விழுந்தால் அழுத்தமானிக்கு முன்னால் எங்கோ அடைப்பு. முள் அசையாமல் நின்று, குழாயில் மட்டும் தண்ணீர் நூலாக வந்தால் அடைப்பு அழுத்தமானிக்குப் பின்னால், அந்தக் குழாயிலேயே.

அழுத்தமானி இல்லாவிட்டாலும் கவலையில்லை. 10 லிட்டர் வாளியை எடுத்துக்கொள்ளுங்கள். குழாயை முழுக்கத் திறந்து நிறைய எத்தனை நொடி ஆகிறது என்று பாருங்கள். 600ஐ அந்த நொடியால் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று வரும். 60 நொடி என்றால் 10 லிட்டர், 150 நொடி என்றால் 4 லிட்டர். சாதாரண ஷவருக்கு 6 முதல் 10 லிட்டர் வந்தால் நிம்மதியாகக் குளிக்கலாம்.

இதை ஒரு இடத்தில் மட்டும் செய்தால் போதாது. ஷவரில் ஒருமுறை, ஷவர் தலையைக் கழற்றிவிட்டு வெறும் குழாயில் ஒருமுறை, அதே அறையின் வாளிக் குழாயில், கைகழுவும் குழாயில், சமையலறையில். சூடான பக்கம் தனியாக, குளிர்ந்த பக்கம் தனியாக. தாளில் எழுதிக்கொள்ளுங்கள். தொட்டியில் தண்ணீர் ஒரே மட்டத்தில் இருக்கும்போது, வீட்டில் வேறு யாரும் குழாயைத் திறக்காத நேரத்தில் செய்தால்தான் எண்களை ஒப்பிட முடியும். இந்தத் தாள்தான் உங்கள் எக்ஸ்ரே.

ஷவர் தலையைக் கழற்றியதும் வரத்து மூன்று மடங்கானால், குற்றவாளி அந்தத் தலைதான்: ஒன்று அடைத்திருக்கிறது, இல்லை உங்கள் அழுத்தத்துக்கு ஒவ்வாதது. தலையைக் கழற்றியும் அப்படியே சன்னமாக வந்தால் பின்னால் தேட வேண்டும். சூடான தண்ணீர் மட்டும் எல்லாக் குழாய்களிலும் குறைவு என்றால் கீசர் பக்கம். ஒரே ஒரு மிக்சரில் இரண்டு பக்கமும் குறைவு என்றால் அந்த மிக்சரின் ஏரேட்டர் (வாயில் இருக்கும் சின்ன வலை) அல்லது உள்ளே தண்ணீரைத் திறந்து மூடும் கார்ட்ரிட்ஜ். ஒரு குளியலறை முழுக்கக் குறைவு, மற்ற அறைகளில் சரி என்றால் அந்த அறைக்குப் பிரியும் வால்வு. வீடு முழுக்கக் குறைவு என்றால் தொட்டியின் அடிவாய் அல்லது பிரதான வால்வு. எங்கே பிரிகிறதோ அதற்கு அந்தப் பக்கம், இந்தப் பக்கம் என்று பிரித்துப் பிரித்துப் போனால், ஒரு டைல்ஸைக்கூட உடைக்காமல் இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம். பிளம்பரை அழைத்தாலும் இந்தத் தாளோடு பேசுங்கள். "ஃபோர்ஸ் இல்லை" என்பதைவிட "மேல் ஷவரில் 3 லிட்டர், தலையைக் கழற்றினால் 11 லிட்டர்" என்பது அவருக்கும் பெரிய உதவி.

அடைப்பு பதுங்கும் இடங்கள்

ஏரேட்டர் என்பது கைகழுவும் குழாயின் வாயில் திருகியிருக்கும் சின்ன வலை. கையாலேயே திருகிக் கழற்றலாம். இறுகியிருந்தால் துணி சுற்றி ஸ்பேனரால் திருப்புங்கள். சுண்ணாம்புப் படிவு வெள்ளையாக அப்பியிருந்தால் வினிகரிலோ, வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்த சிட்ரிக் அமிலத்திலோ ஓரிரு மணி நேரம் ஊறவைத்துத் தேய்த்தால் விட்டுவிடும். பளிங்குக் கல்லின் மேல் அந்தக் கரைசல் படக் கூடாது, கல் அரித்துப்போகும். பிளீச்சிங் கலந்த கழிவறைத் திரவத்தோடு எந்த அமிலத்தையும் சேர்க்கவே கூடாது. இரண்டும் கலந்தால் நச்சான குளோரின் வாயு கிளம்பும்.

சுழற்றிச் சுழற்றித் திறக்கும் கேட் வால்வு நம்மை ஏமாற்றக்கூடிய ஒரு பொருள். உள்ளே இருக்கும் தகடு தண்டிலிருந்து கழன்று விழுந்துவிட்டால், மேலே சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும், தகடு கீழே கிடந்து வழியை மறைக்கும். நாமோ வால்வு முழுக்கத் திறந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்போம். கைப்பிடியைக் கால்வட்டம் திருப்பும் பால் வால்வில் இந்தத் தொல்லை இல்லை. கைப்பிடி குழாயோடு ஒரே கோட்டில் இருந்தால் திறந்திருக்கிறது என்று கண்ணாலேயே தெரியும். முழுத்துளை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். சில மலிவான வால்வுகளில் உள்ளே உருண்டையின் துளை குழாயைவிடச் சிறிதாக இருக்கும்.

பழைய ஜி.ஐ. குழாய் வேறு ரகம். துரு உள்பக்கமாகக் கட்டிக்கட்டியாக வளர்ந்து, வெட்டிப் பார்த்தால் விரல் நுழைய வேண்டிய இடத்தில் பென்சில்கூட நுழையாது. அதைச் சுத்தம் செய்ய முயல்வது வீண். மாற்றியே ஆக வேண்டும்.

தொட்டி ஒருமுறை முற்றிலும் காலியாகி, மறுபடி நிரப்பிய பிறகு, அதுவரை நன்றாக வந்த குழாய் திக்கித்திக்கித் துப்பிவிட்டு நின்றுபோகிறதா? அது அடைப்பு இல்லை, காற்று. குழாய் எங்கோ மேலே ஏறி மறுபடி இறங்கும் மேடு இருந்தால் அங்கே காற்று தேங்கி நிற்கும். மேல்தொட்டி தரும் சின்ன அழுத்தத்தால் அதைத் தள்ள முடியாது. வீட்டிலேயே தாழ்வாக இருக்கும் குழாய்களை முழுக்கத் திறந்து சில நிமிடம் ஓடவிட்டால் பெரும்பாலும் காற்று இழுபட்டு வெளியேறும். அடிக்கடி வந்தால் அந்த மேட்டின் உச்சியிலோ, தொட்டியை விட்டு இறங்கும் குழாயிலோ காற்றுப்போக்கி வைக்க வேண்டும். தொட்டிக்கு அருகே குழாயிலிருந்து ஒரு சின்னக் குழாய் நீர்மட்டத்துக்கும் மேலே நீட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அது அதற்குத்தான், மழைத்தண்ணீர் போகிறதென்று அதை மூடிவிடாதீர்கள், வாயை வளைத்துக் கீழ்நோக்கி விட்டால் போதும்.

கீசர் பக்கம் கைவைக்கும் முன் மெயின் சுவிட்சில் மின்சாரத்தை நிறுத்துங்கள். கீசரின் சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு வேலை செய்ய வேண்டாம். குளிர்ந்த தண்ணீர் உள்ளே நுழையும் இடத்தில் இருக்கும் வால்வு, தண்ணீர் திரும்பி ஓடாமல் தடுக்கும். உள்ளே அழுத்தம் மிஞ்சினால் வெளியேற்றவும் செய்யும். படிவு சேர்ந்து அது குறுகிவிட்டால் சூடான பக்கம் மட்டும் வரத்து குறையும். புதிதாக மாற்றலாம், ஆனால் அதை எடுத்துவிட்டு நேராக இணைப்பதோ, ஒழுகுகிறதென்று வாயை அடைப்பதோ உயிரோடு விளையாடுவது. கேஸ் கீசர் பற்றிக்கொள்ளவில்லை என்றாலும் முதலில் அதன் நுழைவாய் வலையைப் பாருங்கள். குறிப்பிட்ட அளவு வரத்து இல்லாமல் அது பற்றாது.

பம்ப் எப்போது?

எல்லா வலையும் சுத்தம், வால்வுகள் முழுக்கத் திறந்திருக்கின்றன, குழாயும் போதிய அகலம், அப்படியும் ஷவருக்கு மேல் இருப்பது ஒன்றரை மீட்டர்தான் என்றால், அப்போது குறை உண்மையிலேயே அழுத்தத்தில்தான். பம்ப் வையுங்கள், தவறே இல்லை. ஆனால் பம்ப் குழாயை அகலமாக்காது. சிறுத்த குழாயில் பம்ப் வைத்தால் பெரும்பகுதி உழைப்பு உராய்வுக்கே போகும்.

தண்ணீர் ஓடுவதை உணர்ந்து தானாகக் கிளம்பும் பம்ப்களில் ஒரு சிக்கல் உண்டு: கிளம்புவதற்கே ஓரளவு வரத்து வேண்டும். தொட்டிக்கு ஒட்டிய மாடி ஷவரில் வரும் நூல் தண்ணீரை அவற்றில் சில உணரவே உணராது. அங்கே அழுத்தம் குறைவதை உணர்ந்து கிளம்பும் வகை பொருந்தும். பம்ப்பைத் தொட்டியின் அடிவாய்க்கு அருகில், தண்ணீர் தானாக உள்ளே வந்து நிறையும் இடத்தில் வையுங்கள். அது தரும் உச்ச அழுத்தத்தை உங்கள் கீசர், ஹோஸ், மிக்சர் மூன்றும் தாங்குமா என்று அவற்றின் மேல் எழுதியிருப்பதைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

பொதுக் குழாயிலிருந்து நேரடியாக உறிஞ்சும்படி மட்டும் பம்ப்பை வைக்க வேண்டாம். பூமிக்குள் இருக்கும் குழாயில் எங்காவது விரிசல் இருந்தால், சாதாரணமாக அதன் வழியே தண்ணீர் வெளியே கசியும். பம்ப் உறிஞ்சும்போது அழுத்தம் தலைகீழாகி, சுற்றியிருக்கும் சாக்கடை நீர் அதே விரிசல் வழியாக உள்ளே வரும். அது உங்கள் வீட்டுக்கு மட்டுமல்ல, தெருவுக்கே வரும் தண்ணீர். முதலில் ஒரு தொட்டியில் தானாக நிரம்பவிட்டு, அந்தத் தொட்டியிலிருந்து பம்ப் எடுப்பதுதான் முறை.

அழுத்தம் அதிகமானாலும் கேடுதான். அமெரிக்கக் குழாய் விதிகள் வீட்டுக்குள் 80 பி.எஸ்.ஐ, அதாவது சுமார் 5.5 பாருக்கு மேல் போனால் குறைக்கும் வால்வு வைக்கச் சொல்கின்றன. குழாயைச் சட்டென்று மூடும்போது சுவருக்குள் 'டொம்' என்று சத்தம் கேட்டால், ஓடிவந்த தண்ணீர் நின்ற அதிர்ச்சி அது. 1898இல் ரஷ்ய விஞ்ஞானி நிகோலாய் ழுக்கோவ்ஸ்கி கொடுத்த கணக்குப்படி, நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் வரும் தண்ணீரை ஒரேயடியாக நிறுத்தினால், இரும்புக் குழாயில் அந்தக் கணத்தில் 10 பாருக்கும் மேல் அழுத்தம் எகிறும். பம்ப் வைத்த பிறகு இந்தச் சத்தம் புதிதாகக் கேட்டால் அழுத்தத்தைக் குறைத்து வையுங்கள்; கால்வட்டக் குழாய்களை மெதுவாக மூடப் பழகுங்கள்; சுவரில் ஆடும் குழாயை கிளாம்ப் போட்டு இறுக்குங்கள்.

எல்லாம் சரிசெய்த பிறகு வாளிச் சோதனையை இன்னொருமுறை செய்து, அந்த எண்களை வால்வுப் பெட்டியின் கதவுக்கு உள்பக்கம் தேதியோடு எழுதி ஒட்டுங்கள். அடுத்த வருடம் யாராவது "ஃபோர்ஸ் குறைஞ்ச மாதிரி இருக்கே" என்றால், முதலில் வாளியைத்தான் எடுக்க வேண்டும்.